சுவிஸில பிள்ளை கிமி போகாமல் லேர செய்தால் எதிர்காலம் இல்லையோ?

கேள்வி கேட்டவர் தன்ர மகள் எட்டாம் வகுப்பு எண்டும், ரீச்சர் கிமிநாசியம் (கிமி, யூனிவேசிற்றிக்குப் போறதுக்கான பள்ளிக்கூடம்) வேண்டாம், லேர (கொம்பனியில வேலை பழகிக்கொண்டே படிக்கிற தொழிற்பயிற்சி) செய்யட்டும் எண்டு சொன்னதில இருந்து வீட்டில ஒருத்தரும் சரியாச் சாப்பிடேல்லை எண்டும் எழுதியிருக்கிறார். நான் சூரிச் பக்கம், என்ர மகன் பொலிமெக்கானிக்கர், அதாவது மெசின் பாகங்கள் செய்யிற தொழிலுக்கு, லேர நாலு வருசம் செய்து முடிச்சவன், அதால எங்கட வீட்டில நடந்ததைச் சொல்லுறன்.

எங்கட வீட்டிலயும் இதே நிலமைதான். நான் இஞ்ச வந்த நாள் தொட்டு ரெஸ்ரோரண்ட் குசினியில வேலை, மனுசி கிளீனிங், பிள்ளையாவது கம்பஸ் போகவேணும் எண்டுதான் ரெண்டு பேரும் ஷிஃப்ட் மாறி மாறி ஓடினனாங்கள். பெற்றோர் சந்திப்பில லேர எண்ட சொல்லைக் கேட்டவுடன எனக்கு காது அடைச்சுப் போச்சு. ஊரில படிப்பு ஏறாத பொடியனைத்தானே கராச்சில கொண்டுபோய் விடுவினம், நான் அந்தக் கணக்கில விளங்கிக்கொண்டன், அது முழுப் பிழை. இந்த நாட்டில மூண்டு பிள்ளையில ரெண்டு பிள்ளை லேர பக்கம்தான் போகுது, சுவிஸ் ஆக்களின்ர பிள்ளையளும் அப்பிடித்தான்.

என்ர மனசை மாத்தினது ஷ்னுப்பர் எண்டுற விசயம். எட்டாம் வகுப்பிலயே பள்ளிக்கூடம் லீவு குடுத்து பிள்ளையை உள்ளூர்க் கொம்பனியளுக்கு ரெண்டு நாள், மூண்டு நாள், சிலவேளை ஒரு கிழமை எண்டு அனுப்பும், என்ன வேலை எண்டு கண்ணால பாத்து கையால செய்து பாக்கிறதுக்கு. என்ர மகன் முதல்ல ஒரு பாமசிக்குப் போனான், ரெண்டாம் நாளே இது எனக்குச் சரிவராது எண்டிட்டான், நான் கோபப்பட்டன், ஆனா ரீச்சர் சொன்னா இதுவும் நல்ல முடிவுதான், பதினாலு வயசில தெரிஞ்சது நல்லம், இருபத்தைஞ்சில தெரிஞ்சால்தான் கஷ்டம் எண்டு. பிறகு ஒரு மெசின் பாகம் செய்யிற கொம்பனிக்குப் போனான். அங்க ஒரு இரும்புத் துண்டைக் குடுத்து, அராவி, துளை போட்டு ஒரு தாயக்கட்டை செய்ய விட்டவையள். பின்னேரம் வீட்டை கொண்டுவந்து மேசையில வைச்சான், ஆறு பக்கமும் விரலால தடவித் தடவிப் பாத்தான், ஒரு பக்கம் 0.2 மில்லிமீற்றர் பிழைச்சுப் போச்சாம், அதுக்கு கவலைப்படுறான். கணக்கில எத்தினையோ பிழை விட்டும் கவலைப்படாத பிள்ளை அவன். கொம்பனி ஷ்னுப்பர் முடிய ஒரு மதிப்பீட்டுத் தாள் எழுதிக் குடுக்கும், அது அப்ளிக்கேசனோட போகும், சிலவேளை மார்க்ஸை விட அதைத்தான் வடிவாப் பாப்பினம்.

எல்லாம் லேசா நடந்தது எண்டு சொல்லமாட்டன். நாப்பதுக்கு மேல அப்ளிக்கேசன் போட்டம், சில இடத்தில பதிலே வரேல்லை, ஒரு இடத்தில போன் எடுத்தவர் பேரைக் கேட்டிட்டு உங்கட மகனுக்கு ஜேர்மன் கதைக்கத் தெரியுமோ எண்டு கேட்டார், அவன் இஞ்ச பிறந்து வளர்ந்தவன். அந்த நோவு இப்பவும் இருக்கு. ஆனா ஷ்னுப்பர் செய்த இடத்தில பேரைப் பாக்கேல்லை, பிள்ளையின்ர கையைப் பாத்தவை, அங்கதான் இடம் கிடைச்சது. அதால உங்கட மகளை எத்தினை இடத்துக்கு ஏலுமோ அத்தினை இடத்துக்கு ஷ்னுப்பருக்கு அனுப்புங்கோ.

கொம்பனி மலிவான வேலையாள் எண்டு பிள்ளையை எடுத்து கூட்டித் துடைக்க விட்டிடுமோ எண்டு எனக்கும் பயம் இருந்தது. அப்பிடி விட ஏலாது. லேரக்குப் பிள்ளையளை எடுக்கிற கொம்பனிக்கு கன்ரோன்ர (மாநில அரசின்ர) அனுமதி வேணும், பழக்கிறவர் அதுக்கெண்டு 40 மணித்தியாலக் கோர்ஸ் செய்திருக்க வேணும், ஒப்பந்தத்தில பிள்ளை, பெற்றோர், கொம்பனி கையெழுத்து வைச்ச பிறகு கன்ரோனும் பாத்து ஏற்கவேணும். கிழமையில ஒண்டு ரெண்டு நாள் தொழில் ஸ்கூல், மிச்சம் வேலைத்தலம், 20 வயசு வரைக்கும் வருசம் அஞ்சு கிழமை லீவு. சம்பளம் முதல் வருசம் குறைவு, என்ர மகனுக்கு 600 பிராங்குக்குக் கொஞ்சம் மேல, ஒவ்வொரு வருசமும் கூடும். கொம்பனிக்கும் நட்டம் இல்லை, கடைசி வருசத்தில பிள்ளை ஒரு முழு வேலைக்காரன் மாதிரி உழைச்சுக் குடுக்கும்.

படிப்பு நிண்டிடும் எண்டு பயப்பட வேண்டாம். லேர செய்யேக்கயோ, முடிச்சு ஒரு வருசம் முழுநேரமாவோ பெரூஃப்ஸ்மத்தூரா (தொழில் படிக்கிற பிள்ளையளுக்கான உயர்தரம்) செய்தால் ஃபாஹோக்ஷூல (தொழில் சார்ந்த பட்டப்படிப்புக் கம்பஸ்) போகலாம், பஸரெல்ல எண்டு இன்னொரு சோதினையும் பாஸ் பண்ணினால் யூனிவேசிற்றியும் போகலாம். கிமிக்குத் தள்ளிவிட்டு இடையில விழுந்து எழும்ப ஏலாமல் நிக்கிற பிள்ளையளை நான் எங்கட சனத்துக்குள்ள கண்டிருக்கிறன், அதைப் பாக்க நெஞ்சு வலிக்குது.

இப்ப செய்யவேண்டியது, மகளோட தொழில் தகவல் நிலையத்துக்கு, பிட்ஸ் எண்டு சொல்லுவினம், ஒருக்கா போங்கோ, நீங்களும் போகவேணும், ஜேர்மன் சரியா வராட்டிலும் பரவாயில்லை, மகள் மொழிபெயர்ப்பா. அடுத்த வருச இடங்கள் ஓகஸ்ட்டிலயே திறக்கத் தொடங்கும், நல்ல இடங்கள் கெதியா நிரம்பிடும், அதுக்கு முதலே ஷ்னுப்பர் முடிஞ்சிருக்க வேணும். என்ர மகன் இப்ப அதே கொம்பனியிலதான் வேலை, போன மாசம் ஷ்னுப்பருக்கு வந்த ஒரு பிள்ளைக்கு தாயக்கட்டை செய்யிறது அவன்தான் பழக்கினவன்.