நீச்சல் குளத்துக்குப் பாஸ்பேட் நீக்கி வாங்கலாமா?

பெரும்பாலான வீட்டுக் குளங்களுக்குத் தேவையில்லை. பாஸ்பேட் என்பது பாஸ்பரஸ் உள்ள உப்பு. டெல்டாவில் வயலுக்குப் போடும் டி.ஏ.பி.யில் இருப்பதும் அதுதான். பாசிக்கும் அது உரம். மழைநீர், இலைதழை, புழுதி வழியாகக் குளத்தில் சேரும்.

நீக்கியில் பெரும்பாலும் லாந்தனம் உப்பு இருக்கும். அது பாஸ்பேட்டைப் பிடித்துத் துகளாக்கும். தண்ணீர் கலங்கும், அப்புறம் ஃபில்டரைக் கழுவும் வேலை வேறு.

குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் (வெயிலில் குளோரின் வீணாகாமல் காக்கும் ஸ்டெபிலைசர் போட்டிருந்தால் இன்னும் கூடுதல்) குறையாமல் இருந்தால் பாசி தலையெடுக்காது. வயலில் உரம் எவ்வளவு கிடந்தாலும், முளைக்க முளைக்கக் களையைப் பிடுங்கினால் வயல் சுத்தம்தானே? அடிக்கடி வெளியூர் போய்க் குளோரின் போடத் தவறுகிறவர்களுக்கு மட்டும் நீக்கி ஓரளவு கைகொடுக்கும்.

பாஸ்பேட் குளோரினைத் தின்றுவிடும் என்பார்கள். அப்படியில்லை, குளோரினைக் குறைப்பது வெயிலும் வியர்வையும் பாசியும்தான்.