பாட்டி பேசவில்லை, அறிக்கையில் என்ன எழுதுவது?

கேள்வி: ஆஸ்திரேலியாவின் டப்போ நகரில் குழந்தைப் பாதுகாப்புப் பணியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். பேரனை வளர்க்கும் பூர்வகுடிப் பாட்டி ஒருவர், எது கேட்டாலும் தரையையே பார்த்துக்கொண்டு மௌனமாக இருக்கிறார். 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதலாமா?

பதில்: எழுதாதீர்கள். நாளை நீதிமன்றத்தில் பேரனைப் பிரிக்க அந்த ஒரு சொல்லே சான்றாகிவிடும்.

கண்ணைப் பார்த்துப் பேசாதிருப்பது அங்கே பல குடும்பங்களில் மரியாதை. அச்சமும் உண்டு. நீதிமன்றத்துக்குப் போகாமலேயே பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து எடுத்துச்செல்லும் அதிகாரம் 1915இல் டப்போ இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் பூர்வகுடிப் பாதுகாப்பு வாரியத்துக்குக் கிடைத்தது. அதன் கூட்டமுண்ட்ரா விடுதியில், அப்படி எடுத்துச்சென்ற சிறுமிகளை வேலைக்காரிகளாகப் பழக்கினார்கள். பின்னர் 'நல வாரியம்' என்று பெயர் மாறி, 1969இல்தான் அந்த வாரியம் ஒழிந்தது. பாட்டி அறுபதைக் கடந்தவர் என்றால், அவர் பிறந்தபோது அந்த வாரியம் இருந்தது.

மௌனத்தைவிட 'ஆமாம்' என்ற பதிலுக்கே அதிகம் அஞ்சுங்கள். அதிகாரி போனால் போதும் என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள். அது ஒப்புதல் வாக்குமூலமாகப் பதிவாகிவிடும். முதலில் உங்கள் ஊரையும் பெற்றோரையும் பற்றிச் சொல்லுங்கள். பிறகு, "பையனைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்டுக் காத்திருங்கள். முடிந்தால், அவர் நம்பும் பூர்வகுடி அமைப்பின் பணியாளரோடு போங்கள்.

பண்பாட்டுப் பயிற்சி என்று அரைநாளில் சான்றிதழ் விற்பவர்களிடம் ஏமாறாதீர்கள். டப்போ விராஜுரி மக்களின் நிலம். எங்கிருந்தோ வந்து எல்லாப் பூர்வகுடியினருக்காகவும் பேசுபவரிடம், "இந்த ஊரில் உங்களை யாருக்குத் தெரியும்?" என்று கேளுங்கள். பணி பாதுகாப்பாக இருந்ததா என்பதைப் பணியைப் பெறுபவரே சொல்ல வேண்டும் என்றார் நியூசிலாந்தின் பூர்வகுடியான மவோரி இனச் செவிலியர் இரிஹபேட்டி ராம்ஸ்டன். சான்றிதழ் அதைச் சொல்லாது.

குழந்தைக்கு இன்றிரவே ஆபத்து என்றால் காத்திருக்கக் கூடாது; அப்புறப்படுத்தத்தான் வேண்டும். ஆனால் அந்த 'இன்றிரவு' மாதக்கணக்கில் நீள்வதைத்தான் நான் எதிர்க்கிறேன். குழந்தையை முதலில் உறவினரிடமும், இயலாவிட்டால் பூர்வகுடிச் சமூகத்திலும் ஒப்படைக்க வேண்டும் என்கிறது நியூ சவுத் வேல்ஸின் 1998ஆம் ஆண்டுக் குழந்தைப் பாதுகாப்புச் சட்டம். அலுவலகமோ இரண்டு தொலைபேசி அழைப்புகளோடு 'உறவினர் கிடைக்கவில்லை' என்ற கட்டத்தில் குறியிட்டுக் கோப்பை மூடிவிடுகிறது. அவசரமாக எடுத்த அன்றே அத்தைகள், பெரியம்மாக்கள், தாத்தாவின் சகோதரர்கள் எல்லோரையும் தேடத் தொடங்குங்கள். அந்தப் பெயர்களைச் சொல்லக்கூடியவர் பாட்டிதான்.