மூட்டுத் தேய்மானத்துக்கு மான் கொம்பு கேப்சூல் சாப்பிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 58. மும்பை செம்பூரில் வசிக்கிறேன். இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம் இருப்பதாக எக்ஸ்ரே பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். நியூசிலாந்தில் இருக்கும் மருமகன் ‘டீர் வெல்வெட்’ என்ற மான் கொம்பு கேப்சூல் அனுப்பியிருக்கிறார். தேய்ந்த குருத்தெலும்பு மறுபடி வளருமாம். இதுவும் சித்த மருத்துவத்தின் மான்கொம்பு பற்பமும் ஒன்றுதானா? சாப்பிடலாமா?

– வாசகி, செம்பூர்

பதில்: முழங்கால் தேய்மானத்துக்காக இந்த கேப்சூலைத் தொடங்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. மருமகன் அக்கறையோடுதான் அனுப்பியிருக்கிறார் என்பதால், காரணத்தை அவருக்கும் எடுத்துச் சொல்ல வசதியாகச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மாட்டின் கொம்பு எலும்பின் மேல் நகம் போன்ற பொருள் உறையாக மூடி, வாழ்நாள் முழுதும் நிலைத்திருப்பது. மானின் கிளைக்கொம்போ முழுக்க எலும்பு. விழுந்து, மீண்டும் முளைப்பது. போரிவலியின் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் மழைக்காலத்தில் ஓர் ஆண் கடமானைப் பார்க்க நேர்ந்தால், அதன் கொம்பு கூர்மையாக இல்லாமல் முனை உருண்டு, குட்டை முடி அடர்ந்த மெல்லிய தோலால் போர்த்தப்பட்டிருப்பதைக் காணலாம். அந்தத் தோலுக்குள் ரத்தக் குழாய்களும் நரம்புகளும் நிறைந்திருப்பதால் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். கீறினால் ரத்தம் வரும். முனையில் குருத்தெலும்பு உருவாகிக்கொண்டே போக, பின்னால் உள்ள பகுதி எலும்பாக மாறிக்கொண்டே வரும். பெரிய மான் இனங்களில் இந்த வளர்ச்சி ஒரு நாளைக்கு 2 சென்டிமீட்டர் வரைகூட இருக்கும். பாலூட்டிகளின் உடலில் இவ்வளவு வேகமாக வளரும் எலும்பு வேறில்லை. இனப்பெருக்கக் காலம் நெருங்கி டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் உயரும்போது கொம்பு இறுகுகிறது, தோல் உலர்ந்து உரிகிறது. மான் மரத்தில் உரசி அதைக் கழித்துவிடுகிறது.

கொம்பு இறுகுவதற்கு முன்பே அறுத்து, உலர்த்தி, பொடியாக்குவதுதான் உங்களுக்கு வந்திருக்கும் சரக்கு. சீன மருத்துவத்தில் ‘லூ ரோங்’ எனப்படும் இதை, உடலுக்குச் சூடும் வலிமையும் தரும் மருந்தாக ஈராயிரம் ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறார்கள். நம் பற்பம் வேறு. முற்றிய கொம்பைப் புடமிட்டு வெண்சாம்பலாக்குவதால் அதில் புரதம் எதுவும் மிஞ்சாது. பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட்தான் இருக்கும். இருமல், மார்பு வலி போன்றவற்றுக்கே அதைக் கொடுத்து வந்திருக்கிறார்கள். ஒன்றுக்குச் சொன்ன பலனை மற்றொன்றின் மீது ஏற்றக் கூடாது. இங்கே நாட்டு மருந்துக் கடையில் யாராவது மான் கொம்பு என்று நீட்டினால் வாங்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, தானாக உதிர்ந்த கொம்பை விற்பதும் குற்றம்.

இளங்கொம்பில், குருத்தெலும்பிலும் காணப்படும் கொலாஜன், காண்ட்ராய்டின் ஆகிய பொருள்களும், ஐ.ஜி.எஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியும் இருப்பது உண்மை. ஆனால் ஐ.ஜி.எஃப்-1 ஒரு புரதம். முட்டைப் புரதத்தைப் போலவே அதுவும் வயிற்றில் செரிக்கப்பட்டு உடைந்துவிடும், முழங்காலைத் தேடிப் போய்ச் சேராது. மானுக்குக் கொம்பு முளைப்பது அதன் மண்டையோட்டின் மேல் உள்ள எலும்புக் காம்பின் மூலச் செல்களாலும், பருவத்துக்கேற்ப ஏறி இறங்கும் ஹார்மோன்களாலும். அந்த ஏற்பாட்டைப் பொடியாக்கிக் கேப்சூலில் அடைக்க முடியாது. மனிதர்களிடம் நடந்த 7 சோதனைகளைத் தொகுத்து 2012இல் நியூசிலாந்தின் மருத்துவ இதழிலேயே ஓர் ஆய்வு வெளிவந்தது. அவற்றில் 5 எந்தப் பலனையும் காட்டவில்லை. மற்ற இரண்டில் தெரிந்த பலனும் நம்பத்தக்க அளவில் இல்லை. மூட்டுத் தேய்மானத்தில் மட்டும் மேலும் ஆராய இடமிருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்கள் எழுதியிருப்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆராய இடமிருப்பதும் குருத்தெலும்பு திரும்ப வளர்வதும் ஒன்றல்ல. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து சாப்பிடும் ஒருவர், இவ்வளவு குறைந்த ஆதாரத்தை நம்பி இன்னொன்றைச் சேர்க்க வேண்டியதில்லை. வளர்ச்சிக் காரணி கலந்த பொருள் என்பதால், புற்றுநோய் வந்து குணமானவர்கள் இதை அறவே தவிர்ப்பது நல்லது.

உங்கள் முழங்காலுக்கு நிச்சயம் உதவக்கூடியது தொடையின் முன்பக்கத் தசையை வலுப்படுத்துவது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு காலை மெல்ல நேராக நீட்டி, பாதத்தை உங்கள் பக்கம் மடக்கி, மனத்துக்குள் ஐந்து எண்ணும் வரை நிறுத்தி, மெதுவாக இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் 10 முறை, காலையும் மாலையும். உடல் எடை கூடுதலாக இருந்தால் அதில் சிறிது குறைந்தாலும் மூட்டின் சுமை வெகுவாகக் குறையும். சம்மணமிட்டு உட்காருவதையும், லோக்கல் ரயில் நிலையப் படிக்கட்டுகளில் அவசரமாக ஏறி இறங்குவதையும் கொஞ்ச நாளைக்குத் தவிர்க்கப் பாருங்கள். வலி மிகுந்த நாளில் டைக்ளோஃபெனாக் ஜெல்லை மேலே தடவலாம். வலி மாத்திரையை நீங்களாகவே கடையில் வாங்கித் தினமும் விழுங்காதீர்கள், அது உங்கள் சிறுநீரகத்தையும் ரத்த அழுத்தத்தையும் பாதிக்கும். மூட்டு வீங்கிச் சிவந்து சூடாக இருந்தாலோ, இரவில் வலி தூக்கத்தைக் கெடுத்தாலோ தள்ளிப்போடாமல் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். அந்த கேப்சூலில் ஏற்கெனவே சில சாப்பிட்டிருந்தால், டப்பாவையும் கையோடு கொண்டுபோய் அவரிடம் காட்டுங்கள்.