பன்னீரும் தாங்கித் தண்ணீரும்

கேள்வி: திருகோணமலை கோணேசபுரியிலுள்ள பல்கலைக்கழக வளாகத்தில் செமஸ்டர் விடுமுறை முடிந்து மாணவர்கள் திரும்பி வருகிறார்கள். வாசலில் பன்னீர் தெளித்து வரவேற்கப் போகிறோம். பதாகைக்கு நல்ல வரி ஒன்று எழுதித் தாருங்களேன்.
– ஒரு வாசகர், உப்புவெளி

பதில்: பன்னீர் தெளியுங்கள், மறுப்பில்லை. ஆனால் கொழும்பு இரவு மெயிலில் வந்து, விடிய நிலாவெளி பஸ் பிடித்து, கசங்கிய உடுப்போடு போடிங் (வாடகை விடுதி) அறைக்குள் நுழைகிற பிள்ளை முதலில் திறப்பது தண்ணீர்க் குழாயை. விடுமுறை முழுக்க மூடிக் கிடந்த தாங்கியிலிருந்து அதில் என்ன வருகிறது? நான் பேச விரும்புவது அதைத்தான்.

"பழைய தண்ணியைத் திறந்து விட்டாச்சு, போதும்" என்பார்கள் போடிங்காரர். போதாது. டெங்கு நுளம்பு முட்டையிடுவது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரச் சுவரில். அந்த முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் வரும் அன்று தாங்கியை நிரப்பினால் தண்ணீர் முட்டையைத் தொடும். எட்டுப் பத்து நாளில் நுளம்பு பறக்கும். ஆகவே சுவரைத் தும்பு பிரஷ்ஷால், மூடியின் உட்பக்கம் வரை, அழுத்தித் தேய்க்க வேண்டும். சவர்க்காரத் தூள் வேண்டாம்.

பிறகு குளோரின். 1000 லீற்றர் தாங்கிக்கு, 30 சதவீதக் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் ஏறக்குறைய 170 கிராம். நேரே தாங்கிக்குள் கொட்டாதீர்கள். சுண்ணாம்பு மண்டி குழாயை அடைக்கும். பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் கரைத்து, அரை மணி நேரம் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் தாங்கியில் ஊற்றி நிரப்புங்கள். எல்லாக் குழாய்களையும் குளோரின் மணம் வரும்வரை திறந்து பிறகு மூடுங்கள். இல்லாவிட்டால் தாங்கி சுத்தமாகும், குழாய்க்குள் தேங்கியது அப்படியே இருக்கும். நாலு மணி நேரம் விட்டு வெளியேற்றி, ஒருமுறை அலசி, புதிதாக நிரப்பலாம். அந்தக் குளோரின் தண்ணீரை மலக்குழிக்குள் விடாதீர்கள், கழிவைச் சிதைக்கும் கிருமிகள் செத்துவிடும். கழிவறை கழுவும் அசிட்டோடு பிளீச்சிங் பவுடர் சேரவே கூடாது. கிளம்பும் வாயு நெஞ்சை அடைக்கும். திறந்து வைத்த பழைய பைக்கட்டும் உதவாது. நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் அதன் வீரியம் போயிருக்கும்.

பதாகை பற்றி இந்தப் பக்கம் சொல்வது பழைய வாசகருக்குத் தெரியும். ஒருநாள் தொங்கும் அந்தப் பிளாஸ்டிக் விழா முடிந்ததும் வளவு மூலையில் மடிந்து கிடக்கும்; அதன் மடிப்பில் மழைநீர் நிற்கும்; அங்கேயும் நுளம்பு. அந்தக் காசுக்கு பிரஷ்ஷும் பிளீச்சிங் பவுடரும் வாங்குங்கள். வரி கேட்டீர்கள்: "கழுவிய திகதி" என்று எழுதி, திகதியையும் போட்டு, ஒவ்வொரு தாங்கியிலும் ஒட்டுங்கள்.

தாங்கியை நிரப்பும் கிணற்றுக்கு வருவோம். செமஸ்டர் தொடங்கிய வாரத்தில் நிலாவெளிப் பக்கம் கிணறு உவர்க்கிறது என்றால் உடனே வெயிலைக் குற்றம் சொல்கிறார்கள். கரையோர மணலுக்குள் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி வரை நன்னீர் இருக்கும். மேலே ஓரடி இறைத்துக் குறைத்தால் அடியிலிருந்து உப்பு அதே நாற்பதுக்கு ஒன்று கணக்கில், ஏறக்குறைய 40 அடி, ஏறப் பார்க்கும். காலை ஆறு மணிக்கு எல்லாப் போடிங்கிலும் பெரிய மோட்டரை ஒன்றாக ஓடவிட்டால் கிணறு என்ன செய்யும்? சின்ன மோட்டராகப் போட்டு, அரை மணி இறைத்து, நிறுத்தி, ஊறவிட்டு மறுபடி இறைக்க வேண்டும். இரவிலேயே ஒரு தாங்கி நிரம்பியிருந்தால் காலை நெரிசல் இல்லை. உறிஞ்சு குழாயின் நுனியைக் கிணற்றின் அடியில் வைக்காமல் மேலே தூக்கி வையுங்கள்.

உவர்த்தவுடன் குழாய்க் கிணற்றை இன்னும் ஆழமாக அடிக்கச் சொல்லும் ஆட்களோடு எனக்கு நெடுநாள் சண்டை. மலைநாட்டுக்கு அந்த யோசனை பொருந்தலாம். கடலோரத்தில் ஆழம் போகப் போக உப்புக்குத்தான் கிட்டப் போகிறோம். ஒருவர் அடித்த ஆழக் கிணறு பக்கத்து வளவுக் கிணற்றையும் சேர்த்துக் கெடுக்கும், ஒருமுறை ஏறிய உப்பு இறங்க நல்ல மாரிமழை வேண்டும்.