அண்ணரோடு கதைபேச்சில்லை

கேள்வி: 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலில் அண்ணரின் மகன் தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிச் சின்னத்தில் நின்றார். நான் தமிழரசுக் கட்சியின் வீடு சின்னத்துக்கு வேலை செய்தேன். ஆத்திரத்தில் பெறாமகனைத் 'துரோகி' என்று முகநூலில் எழுதிவிட்டேன். அன்றிலிருந்து கதைபேச்சில்லை, நன்மை தீமைக்கும் போக்குவரத்தில்லை. 2009 போரில் ஒரே பங்கருக்குள் கிடந்தவர்கள் நாங்கள். வயலும் ஒரே வாய்க்காலில்தான். அம்மாவின் திவசம் வருகிறது. தனியாகச் செய்யவா?
- வாசகர், முத்தையன்கட்டு

பதில்: வேண்டாம் தம்பி. திவசத்தைப் பிரித்தால் நாளைக்கு உங்கள் பிள்ளைகளும் பிரிந்துதான் நிற்பார்கள்.

உள்ளூராட்சித் தேர்தல் குடும்பங்களை இப்படி உடைப்பதற்குக் காரணம் உண்டு. 2018இலிருந்து உறுப்பினர்களில் 60 வீதமானோர் வட்டாரத்தில் நேரடியாகத் தெரிவாகிறார்கள். வட்டாரமோ சின்னது, நிற்பவர் அடுத்த வளவுப் பிள்ளை. யார் போட்டது, யார் போடவில்லை என்று ஊரே கணக்குப் பார்க்கிறது. மற்றபடி, 2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் உங்கள் வன்னித் தேர்தல் மாவட்டத்தின் 6 ஆசனங்களும் ஐந்து கட்சிகளுக்குப் பிரிந்து போயின. மாவட்டமே அப்படி வாக்களித்திருக்க, உங்கள் குடும்பம் இரண்டு பக்கம் நின்றதில் குற்றமே இல்லை. நீங்கள் வீட்டுக்கே போடுங்கள், அவர்கள் திசைகாட்டிக்கே போடட்டும்.

பிழை நீங்கள் எழுதியதில்தான் இருக்கிறது. அந்தப் பட்டம் சூட்டப்பட்டு உயிரையே இழந்தவர்கள் எங்கள் மண்ணில் எத்தனை பேர்! அதை ஒரு வட்டாரப் போட்டிக்காக, தூக்கி வளர்த்த பிள்ளைக்குச் சொல்லலாமா? பதிவை அழியுங்கள். அழித்தால் மட்டும் போதாது; ஊர் பார்த்த அதே இடத்தில், "பெறாமகனைப் பற்றி நான் எழுதியது பிழை" என்று எழுதுங்கள். அதற்குப் பிறகு 'ஆனால்' என்று தொடங்கி எதுவும் வரக்கூடாது.

பிறகு நேரில் போங்கள். அண்ணி ஊடாகத் தூது விட வேண்டாம். பங்கர்க் கதையை எடுத்து அவரை இளக்கவும் பார்க்காதீர்கள், பழைய கடனைச் சொல்லிக் காட்டுவதுபோல் ஆகிவிடும். பெறாமகனிடம் நேராக மன்னிப்புக் கேளுங்கள். அண்ணரிடம் வயலைப் பற்றிக் கதையுங்கள்.

வயலைச் சொல்வது பேச்சை மாற்றுவதற்காக இல்லை. காலபோக நெல் விதைப்புக்கு முன் கமக்காரர்கள் கூடும் கூட்டத்தை யோசித்துப் பாருங்கள். வீடு, சங்கு, சைக்கிள், திசைகாட்டி எல்லாரும் ஒரே மண்டபத்தில்தான் இருக்கிறார்கள். குளத்தில் எத்தனை அடி தண்ணீர், எந்த நாளில் திறப்பது, எப்போது விதைத்து முடிப்பது, மாட்டை எப்போது கட்டுவது என்று சண்டை பிடித்தாவது ஒரு முடிவுக்கு வருகிறார்கள். மேல்வயல்காரன் மறித்தால் கடைவயலுக்குத் தண்ணீர் போகாது என்பது எல்லாருக்கும் தெரியும். வன்னியில் கட்சி பாராமல் ஆட்களை இன்னும் ஒன்றாக இருத்தி வைத்திருப்பது கமக்கார அமைப்பும் மரணச் சடங்கும்தான் என்பது என் எண்ணம். அடுத்த கூட்டத்துக்கு அண்ணருக்குப் பக்கத்துக் கதிரையில் போய் இருங்கள்.

முதல் நாளே அவர் முகம் கொடுப்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம். உள்ளே கூப்பிடாவிட்டால், படலையில் நின்று சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வாருங்கள். வாய்க்கால் துப்புரவு அன்று உங்கள் பங்கை முடித்துவிட்டு அவருடைய பங்கிலும் மண்வெட்டியைப் போடுங்கள். திவசப் படையல் மூத்தவர் வீட்டிலேயே நடக்கட்டும். மரக்கறிச் செலவும் ஐயருக்கான தட்சணையும் உங்களுடையது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.