கொலம்பியச் சாப்பாடு: ஊர் கேட்டுச் சாப்பிடுங்கள் (கேள்வி பதில்)

கேள்வி: அக்கா, அடுத்த மாதம் வேலை விஷயமாக மூன்று வாரம் பொகோட்டாவில் இருப்பேன். கொலம்பியாவின் தேசிய உணவு எது? இறங்கிய அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டும்.

பதில்: யாரைக் கேட்டாலும் பந்தேஹா பைசாவைத்தான் கைகாட்டுவார்கள். சிவப்பு பீன்ஸ், வெள்ளைச் சோறு, தோலோடு பொரித்த பன்றிக்கொழுப்பு, கொத்திய மாட்டிறைச்சி, சொரீசோ (மசாலா சேர்த்த தொத்திறைச்சி), பொரித்த முட்டை, பழுத்த வாழை வறுவல், சின்ன அரேப்பா (மக்காச்சோள அடை), அவகாடோ எல்லாம் ஒரே தட்டில் வரும். ஆனால் அது ஆந்தியோக்கியா மாகாணத்து மலைநாட்டுச் சாப்பாடு. மெடலின் பக்கம் போகும்போது சாப்பிடுங்கள், இருவர் சேர்ந்து ஒரு தட்டு போதும். பொகோட்டா 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இறங்கிய அன்றே இவ்வளவு கனமாகச் சாப்பிட்டால் வயிறு மந்தமாகி இரவுத் தூக்கம் கெடும்.

அந்த நாட்டில் மலைக்கு ஒரு சமையல், கரீபியன் கரைக்கு ஒரு சமையல், பசிபிக் கரைக்கு இன்னொன்று. நிற்கிற ஊரின் சாப்பாட்டைக் கேட்டு வாங்குவதுதான் நல்லது. பொகோட்டாவுக்கு அது அஹியாகோ என்கிற கோழி, உருளைக்கிழங்கு சூப். வேலை நாட்களில் மதியம் 'கொரியென்தாசோ' என்று விசாரியுங்கள். நம் ஊர் அளவுச் சாப்பாடு மாதிரிதான்: முதலில் சூப், பிறகு சோறு, பீன்ஸ் அல்லது பயறு, ஒரு துண்டு இறைச்சி, வாழைக்காய், கூடவே ஒரு பழச்சாறு. பன்னிரண்டரை மணிக்குள் போய்விட்டால் எல்லாம் சூடாகக் கிடைக்கும்.

கேள்வி: அஹியாகோ செய்து பார்த்தேன். வெறும் உருளைக்கிழங்கு, கோழி சூப்பாகத்தான் வந்தது. படத்தில் பார்க்கும் கெட்டியும் இல்லை, சொல்கிற மணமும் இல்லை. எங்கே தப்பு?

பதில்: இரண்டு இடத்தில். ஒரே வகை உருளை போட்டிருப்பீர்கள், குவாஸ்காஸ் கீரை போட்டிருக்க மாட்டீர்கள்.

அஹியாகோவில் மூன்று கிழங்குக்கும் மூன்று வேலை. சபனேரா உடையாமல் துண்டாக நிற்கும். பஸ்தூசா பாதி கரையும். பாப்பா கிரியோயா என்கிற, எலுமிச்சம்பழ அளவிலுள்ள மஞ்சள் கிழங்கு முழுக்கக் கரைந்து சூப்பைக் கெட்டியாக்கும், நிறமும் கொடுக்கும். சோளமாவோ மைதாவோ போட்டுக் கெட்டியாக்கினால் அது அஹியாகோ இல்லை.

ஆறு பேருக்கு: எலும்போடு கோழி 1 கிலோ, மூன்று வகைக் கிழங்கும் தலா அரை கிலோ, மூன்றாக நறுக்கிய மக்காச்சோளக் கதிர் மூன்று, வெங்காயத்தாள் இரண்டு, பூண்டு மூன்று பல், கொத்தமல்லி ஒரு சிறு கட்டு, தண்ணீர் 3 லிட்டர். கிழங்கையும் குவாஸ்காஸையும் விட்டுவிட்டு மற்றதை 40 நிமிடம் வேகவையுங்கள். வெங்காயத்தாளையும் கொத்தமல்லியையும் எடுத்து எறிந்துவிட்டு, கோழியைத் தனியே எடுத்து நாராகப் பிய்த்து வையுங்கள். இப்போது சபனேராவும் பஸ்தூசாவும் அரை விரல் கனத்தில் வட்டமாக நறுக்கிப் போட வேண்டும். 20 நிமிடம் கழித்துக் கிரியோயா. அது கரைய இன்னும் அரை மணி ஆகும். கரண்டியால் பானையின் பக்கத்தில் நசுக்கிவிடலாம். கடைசிப் பதினைந்து நிமிடத்தில் உலர்ந்த குவாஸ்காஸ் ஒரு கைப்பிடி. கிரியோயா கிடைக்காத ஊரில் உள்ளே மஞ்சளாக இருக்கும் மாவுக் கிழங்கைத் துருவிப் போடுங்கள்.

கேப்பர் மொட்டு, பாலேடு, அவகாடோ மூன்றும் மேசையில் தனியாக இருக்க வேண்டும். பானைக்குள் போடக் கூடாது. அவரவர் கிண்ணத்தில் அவரவர் கலந்துகொள்வதுதான் முறை.

குவாஸ்காஸ் என்பது கலின்சோகா பார்விஃபுளோரா. நீலகிரி, கொடைக்கானல் தோட்டங்களில் களையாக முளைக்கிற அதே செடி. ஆனாலும் செடியைத் திட்டமாக அடையாளம் தெரியாமல் பறிக்காதீர்கள், மருந்தடித்த தோட்டத்திலிருந்து எடுக்கவே எடுக்காதீர்கள். உலர்ந்தது பொட்டலமாக லத்தீன் அமெரிக்கக் கடைகளில் விற்கும்.

கேள்வி: மக்காச்சோள மாவில் அரேப்பா தட்டினால் ஓரமெல்லாம் வெடிக்கிறது, கல்லில் திருப்பும்போது உடைந்தே போகிறது. மைதா சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் மாவு பச்சைச் சோளத்தை அரைத்த மாவு, பிசுக்கு வராது. அரேப்பாவுக்கு வேண்டியது மாசரேப்பா, அதாவது வேகவைத்து உலர்த்திய சோளத்தின் மாவு. மெக்சிகோ தொர்த்தியா மாவும் உதவாது. அது சுண்ணாம்பு நீரில் வேகவைத்த சோளம், வாசனையே வேறு.

ஒரு கப் மாசரேப்பாவுக்கு ஒன்றே கால் கப் வெதுவெதுப்பான தண்ணீர், அரை டீஸ்பூன் உப்பு, ஒரு ஸ்பூன் வெண்ணெய். மாவைத் தண்ணீரில் தூவிக் கலக்கி, மூடிப் பத்து நிமிடம் விடுங்கள். இந்தப் பத்து நிமிடத்தை விட்டால் தண்ணீர் உள்ளே இறங்காது, ஓரம் வெடிக்கும். ஓர் உருண்டையை அழுத்திப் பாருங்கள். விளிம்பு பிளந்தால் இன்னும் இரண்டு ஸ்பூன் தண்ணீர், கையில் ஒட்டினால் ஒரு ஸ்பூன் மாவு. ஒரு சென்டிமீட்டர் கனத்தில் தட்டி, மிதமான தீயில் பக்கத்துக்கு ஆறேழு நிமிடம். கல்லை விட்டுத் தானாகக் கழன்று வரும்வரை கரண்டி வைக்காதீர்கள்.

மாவே கிடைக்கவில்லை என்றால் பழைய முறை இருக்கிறது. தோல் நீக்கிய வெள்ளை மக்காச்சோளத்தை ஓர் இரவு ஊறவைத்து, மலர்ந்துவிடாமல் மெத்தென்று வேகவைத்து, வடித்து ஆறவிட்டு, இறைச்சி அரைக்கும் கை இயந்திரத்தில் தண்ணீர் விடாமல் அரைக்க வேண்டும். மிக்சியில் தண்ணீர் விட்டு ஓட்டினால் கூழ்தான் கிடைக்கும்.

கேள்வி: அதே மாவில் முட்டை அரேப்பா முயன்றேன். உப்பவே இல்லை, முட்டையை எங்கே ஊற்றுவது?

பதில்: கரீபியன் கரைப் பலகாரம் அது. லுருவாக்கோ ஊர் இதற்கே பேர்போனது. பூரி உப்பும் கணக்குதான்: கனம் எங்கும் சமமாக, அரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். மேலே ஒரு கீறல்கூட இருக்கக் கூடாது, அந்த வழியே ஆவி போய்விடும். எண்ணெய் 180 டிகிரி, அரேப்பா முழுகுமளவு. மேலே கரண்டியால் எண்ணெயை அள்ளி ஊற்றிக்கொண்டே இருந்தால் உப்பும். எடுத்து வடித்து, கை தாங்கும் சூட்டில் விளிம்பில் இரண்டு விரல் அகலம் கீறி, சின்னக் கிண்ணத்தில் உடைத்து வைத்த முட்டையை உள்ளே சரியவிடுங்கள். பச்சை மாவு ஒரு கிள்ளு எடுத்து வாயை அடைத்து, மறுபடி எண்ணெயில் இரண்டு மூன்று நிமிடம். அடைத்த வாய் மேல்பக்கமாக இருக்கும்படி கொஞ்ச நேரம் கரண்டியால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வெள்ளைக்கரு வெளியே வந்து எண்ணெய் பொங்கும்.

கேள்வி: நான் சுத்த சைவம், முட்டைகூட இல்லை. பட்டினிதானா?

பதில்: பட்டினி இல்லை, ஆனால் கேள்வி கேட்கத் தெரிய வேண்டும். 'கார்னே' என்றால் பலருக்கு மாட்டிறைச்சி மட்டும்தான். 'சின் கார்னே' என்று சொன்னால் கோழி வந்துவிடும். கோழி, மீன், எலும்புச் சாறு வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். பீன்ஸைப் பன்றிக்காலோடு வேகவைக்கும் வழக்கம் உண்டு, சூப் பெரும்பாலும் எலும்புச் சாறுதான்.

தேடிப் போய்ச் சாப்பிட வேண்டியது மோத்தே தே கேசோ. கரீபியன் கரையில் சுக்ரே, கோர்தோபா பக்கத்துக் கஞ்சி. ஒரு கிலோ ஞாமே கிழங்கை (நம் பெருவள்ளிக்கிழங்கின் உறவு) 2 லிட்டர் தண்ணீரில் பாதி கரையும்வரை வேகவைத்து, எண்ணெயில் வதக்கிய வெங்காயம், பூண்டு சேர்த்து, கடைசி ஐந்து நிமிடத்தில் அரை கிலோ உப்புப் பாலாடைக்கட்டியைச் சதுரத் துண்டுகளாகப் போட்டு, எலுமிச்சை பிழிந்து இறக்குவார்கள். பாலாடைக்கட்டி போட்ட பிறகுதான் உப்புப் பார்க்க வேண்டும். முன்பே போட்டால் கரிக்கும். வீட்டில் செய்ய பனீர் போதும். லிட்டருக்கு 100 கிராம் உப்புக் கரைத்த நீரில் ஓர் இரவு கிடந்தால் சரியாக இருக்கும். கொலம்பியாவில் பாலாடைக்கட்டிக்காகப் பாலை உறைய வைக்கும் குவாஹோ கன்றின் வயிற்றிலிருந்து எடுத்ததாகவும் இருக்கலாம். அதையும் பார்ப்பவர் என்றால் கேட்டுக்கொள்ளுங்கள்.

பொப்பயான் போனால் பிப்பியான் எம்பனாடா: உருளையும் வேர்க்கடலையும் அரைத்த பூரணம், தொட்டுக்கொள்ளக் கடலைச் சட்னி. யுனெஸ்கோ 2005இல் சமையல் கலை நகரம் என்று முதலில் அறிவித்தது இந்த ஊரைத்தான். பன்றிக்கொழுப்பில் பொரிக்கிறார்களா, பூரணத்தில் முட்டை உண்டா என்று மட்டும் விசாரியுங்கள். பட்டகோன் எங்கும் கிடைக்கும், அது வாழைக்காயை இருமுறை பொரித்துத் தட்டையாக்குவது. நம்மூரில் செய்தால் நேந்திரன் காய் எடுங்கள், அதுதான் அதே இனம்.

கேள்வி: காரமே இல்லை என்கிறார்களே, ஊறுகாய் எடுத்துப் போகவா?

பதில்: சமையலில் காரம் கிடையாது, உண்மை. மேசையில் 'அஹீ' கேளுங்கள். மிளகாய், வெங்காயத்தாள், கொத்தமல்லி, வினிகர் கலந்த நீர்ச் சட்னி. சூப்பில் அரை ஸ்பூன் விட்டால் நாக்கு விழித்துக்கொள்ளும்.

கேள்வி: கார்த்தஹேனாவில் சாப்பிட்ட பழுப்புத் தேங்காய்ச் சோறு மறக்கவே இல்லை அக்கா. நான் செய்தால் வெள்ளையாகவும் குழைவாகவும் வருகிறது. டின் தேங்காய்ப்பால்தான் பயன்படுத்துகிறேன்.

பதில்: டின்தான் காரணம். பால் பிரியாமல் இருக்க அதில் பசை சேர்த்திருப்பார்கள். இந்தச் சோற்றுக்குப் பால் பிரிந்தே ஆக வேண்டும்.

இரண்டு தேங்காய் துருவி, கெட்டிப்பால் 2 கப், அதே சக்கையில் தண்ணீர்ப்பால் 4 கப் எடுங்கள். கனமான பாத்திரத்தில் கெட்டிப்பாலை மட்டும் மிதமான தீயில் காய்ச்சுங்கள். முதலில் பொங்கும், பிறகு திரியும், தண்ணீர் வற்றியதும் சலசலப்பு அடங்கிப் பொரிகிற சத்தம் வரும். தெளிந்த எண்ணெய் மேலே நிற்க, அடியில் வெள்ளைக் கசடு பொன்னிறமாகத் தொடங்கும். வீட்டில் தேங்காய் எண்ணெய் காய்ச்சியவர்களுக்கு இந்தக் கட்டம் பழக்கமாக இருக்கும். அந்தக் கசடுதான் தித்தோத்தே, சோற்றின் நிறமும் மணமும் அதிலிருந்துதான். இதுவரை இருபது, முப்பது நிமிடம் ஆகும். அடுத்த இரண்டு நிமிடம் அடுப்பை விட்டு நகராதீர்கள். வெல்ல நிறத்தில் நிறுத்தினால் இனிப்பு மணம், காப்பிக்கொட்டை நிறத்துக்குப் போனால் கசப்பு.

உடனே இரண்டு ஸ்பூன் வெல்லம், அது உருகியதும் தண்ணீர்ப்பால் (தெறிக்கும், தள்ளி நின்று ஊற்றுங்கள்), ஒன்றரை டீஸ்பூன் உப்பு, ஒரு கை உலர்திராட்சை. கொதித்ததும் கழுவி வடித்த 2 கப் பச்சரிசி. தண்ணீர் அரிசி மட்டத்துக்கு இறங்கும்வரை மூடாமல், பிறகு மூடி மிகச் சிறு தீயில் 20 நிமிடம். நடுவில் கிளறினால் குழையும். பொரித்த மீனும் பட்டகோனும் இதற்குத் துணை.

கேள்வி: பனேலா என்பது நம் வெல்லம்தானே?

பதில்: கரும்பு வெல்லமேதான். கரும்புச்சாற்றின் அழுக்கெடுக்க அங்கே சில மரப்பட்டைகளின் கொழகொழப்பைச் சேர்ப்பார்கள், இங்கே வெண்டையின் கொழகொழப்பு. அகுவாபனேலாவுக்கு லிட்டருக்கு 130 கிராம் போட்டுக் கரையக் கொதிக்கவைத்து வடிகட்டுங்கள், இறக்கிய பின் எலுமிச்சை. வெளுத்த வெல்லம் வேண்டாம், கரும்பழுப்பாக இருப்பதை வாங்குங்கள். பால் சேர்ப்பதானால் கொதிக்கும் வெல்லத் தண்ணீரில் ஊற்றாதீர்கள், திரியும். இரண்டையும் தனித்தனியே காய்ச்சி, அடுப்பிலிருந்து இறக்கிக் கலக்குங்கள். அப்போது எலுமிச்சை கிடையாது.

கேள்வி: குடிக்க வேறென்ன? மது உட்படச் சொல்லுங்கள்.

பதில்: முதலில், காலி (Cali) என்ற நகரத்தின் லுலாதா. லூலோ கத்தரிக்குடும்பப் பழம், வெளியே ஆரஞ்சு, உள்ளே பச்சை, நல்ல புளிப்பு. நான்கு பேருக்கு எட்டுப் பழம். தோல்மேல் இருக்கும் பூனைமுடியைத் துணியால் தேய்த்து, சதையை மரக்கரண்டியால் நசுக்கி, இரண்டு எலுமிச்சை, அரை கப் சர்க்கரை, 3 கப் குளிர்ந்த நீர், நிறைய ஐஸ். மிக்சியில் அடித்தால் விதை அரைபட்டுக் கசக்கும், சதைத் துண்டும் போய்விடும். அதைக் கரண்டியால் எடுத்துச் சாப்பிடுவதுதானே சுகம்.

அகுவார்தியென்தே கரும்பிலிருந்து வடிப்பது, சோம்பு மணம் உடையது. சின்னக் கோப்பையில் குளிரக் குளிர, கலக்காமல் குடிப்பார்கள். பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். சீல் உடையாத பாட்டில் மட்டும் வாங்குங்கள். சிச்சா மக்காச்சோளத்தைப் புளிக்கவைப்பது, முயிஸ்கா என்ற பழங்குடி மக்கள் காலத்துப் பானம். 1948 சட்டத்தால் ஒடுக்கப்பட்டும் அழியாமல் பொகோட்டாவில் இன்றும் கிடைக்கிறது. பசிபிக் கரையின் கறுப்பின மக்கள் வடிக்கும் வீச்சே என்ற கரும்புச் சாராயத்துக்கு 2021இல்தான் தனிச் சட்டம் வந்தது. அதை அந்த மக்களிடமே வாங்குவது நியாயம்.

கேள்வி: எறும்பு தின்பார்களாமே?

பதில்: சந்தாந்தேர் மாகாணத்தில், மழை தொடங்கும் மார்ச், ஏப்ரல், மே மாதங்களில். இறக்கை முளைத்த ராணி எறும்புகளை மட்டும் பிடித்து, இறக்கையும் காலும் நீக்கி, உப்பு நீரில் ஊறவைத்து வறுப்பார்கள். நம் கிராமங்களில் ஈசல் வறுப்பதுபோலத்தான். மொறுமொறுவென்று கடலை வாசத்தோடு இருக்க வேண்டும், எண்ணெய்ச் சிக்கு அடித்தால் பழசு. மட்டி, இறால் ஒவ்வாதவர்கள் தொட வேண்டாம், இதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

கேள்வி: சூடான சாக்லேட்டில் பாலாடைக்கட்டியைப் போட்டுக் கொடுக்கிறார்களே, அதை எப்படிச் சாப்பிடுவது? நான் செய்தபோது கட்டி கரைந்து எண்ணெய் மிதந்தது.

பதில்: முதிர்ந்த, காரமான கட்டி போட்டிருப்பீர்கள். கேசோ கம்பெசீனோ மாதிரி உப்புக் குறைந்த புதுக் கட்டி, அல்லது மொசரெல்லா எடுங்கள். கப்புக்கு ஒரு வில்லை சாக்லேட்டைப் பாலிலோ தண்ணீரிலோ கரைத்து, மோலினியோவை நம் மத்துப்போல உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிக் கடையுங்கள். பொங்கி வரும்போது இறக்கி, அடங்கியதும் மறுபடி வைத்து, இப்படி மூன்று தரம். கப்பில் ஊற்றிய பிறகுதான் கட்டி, விரல் அகலத் துண்டுகளாக, அடுப்பில் இருக்கும்போது அல்ல. மூன்று நிமிடம் கழித்துக் கரண்டியால் அள்ளினால் நூலாக இழுபடும். அதை ரொட்டியின்மேல் வைத்துச் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தைக் குடியுங்கள்.