ஆண்டு முழுக்க 499 என்றார்கள், ஐந்தே மாதத்தில் ஏற்றிவிட்டார்கள்

கேள்வி: வணக்கம் ஐயா. ஏற்காடு ஒண்டிக்கடை அருகே இரண்டு அறை ஹோம்ஸ்டே நடத்துகிறேன். 2024 ஆகஸ்ட் 18-ல் ஃபைபர் பிராட்பேண்ட் எடுத்தேன். "ஒரு வருஷத்துக்கு 499 தான், ஏறாது" என்று ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் எழுதினார். ஜி.எஸ்.டி. சேர்த்து 588.82 கட்டினேன். 2025 ஜனவரி பில்லிலிருந்து 599, அதன் மேல் நான் கேட்காத ஓ.டி.டி. பேக் 99, வரியோடு 823.64. ஆட்டோபேயில் ஐந்து மாதம் போய்விட்டது. ஃபெஞ்சல் புயல் மழையில் மரம் சாய்ந்து ஒன்பது நாள் லைன் இல்லை, அதற்கும் முழு பில். துண்டிக்கச் சொன்னால் ரவுட்டருக்கும் லாக்-இன்னுக்கும் (குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் அபராதம்) சேர்த்து 2,500 கேட்கிறார்கள். அப்பாவின் பட்டன் போனுக்கும் ரீசார்ஜ் கட்டி மாளவில்லை. வழக்குப் போடலாமா?

பதில்: கட்டணம் ஏறியது என்ற ஒரே காரணத்தை வைத்து வழக்குப் போட முடியாது. மொபைல், பிராட்பேண்ட் விலையைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் நிர்ணயிப்பதில்லை. சந்தையிடமே விட்டிருக்கிறது. 2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வோடஃபோன் ஐடியா மூன்றும் சேர்ந்தாற்போல விலையைக் கூட்டியபோதும் சட்டப்படி யாரும் தடுத்துவிட முடியவில்லை. ஆனால் உங்கள் கதையில் விலை உயர்வோடு வேறு மூன்று விஷயங்கள் இருக்கின்றன. வழக்கு அவற்றின் மேல்தான் நிற்கும்.

முதலாவது, ஆறு மாதக் காப்பு. ஒரு பிளானில் சேர்ந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அதன் எந்தக் கட்டணத்தையும் உயர்த்தக் கூடாது என்பது டிராயின் கட்டண ஆணையில் உள்ள விதி. உங்களுக்கு அது 2025 பிப்ரவரி 17 வரை. எனவே ஜனவரி 18 முதல் பிப்ரவரி 17 வரையான பில்லில் ஏற்றியது நேரடி மீறல். ஆனால் இந்த விதி தொலைபேசிச் சேவை உரிமம் உள்ள நிறுவனங்களுக்கானது. வெறும் இன்டர்நெட் உரிமத்தில் ஓடும் உள்ளூர் கேபிள் நிறுவனம் என்றால் "எங்களுக்குப் பொருந்தாது" என்பார்கள். பில்லின் தலைப்பில் யார் பெயர் என்று பாருங்கள்.

பிப்ரவரி 18-க்குப் பிந்தைய நான்கு பில்களுக்கு வாட்ஸ்அப் செய்திதான் ஆதாரம். "ஏஜென்ட் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று சொல்வது வழக்கம். கம்பெனியின் சொல்லாலோ நடத்தையாலோ ஏஜென்டுக்கு அந்த அதிகாரம் உண்டு என்று வாடிக்கையாளர் நம்பியிருந்தால், 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 237-வது பிரிவு கம்பெனியைக் கட்டும். அவர் கம்பெனி விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கினாரா, பணம் கம்பெனிக் கணக்குக்குப் போனதா என்பதைக் காட்டுங்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. அந்த உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து உங்களுக்கே மெயிலில் அனுப்பி வையுங்கள், போனில் உள்ள அசலை அழிக்காதீர்கள். போன் மாற்றும்போது பேக்கப் இல்லாமல் செய்தி போய்விட்டது என்று வருகிறவர்கள் ஏராளம்.

இரண்டாவது, ஓ.டி.டி. பேக். கேட்காத ஒன்றைக் கூடையில் போட்டுக் காசு வாங்குவதை 2023 நவம்பரில் வந்த 'டார்க் பேட்டர்ன்' (வாடிக்கையாளரைத் தந்திரமாகச் சிக்கவைக்கும் உத்தி) வழிகாட்டு நெறிகள் வெளிப்படையாகத் தடை செய்கின்றன. உங்கள் சம்மதம் எந்தத் தேதியில், எந்த வழியில் பதிவானது என்று எழுத்தில் கேளுங்கள். அதைக் காட்ட வேண்டியது அவர்கள்.

கணக்கை இப்படிப் பிரித்து எழுதுங்கள்: கட்டண வித்தியாசம் மாதம் 100, வரியோடு 118, ஐந்து மாதத்துக்கு 590. ஓ.டி.டி. வரியோடு 116.82, ஐந்து மாதத்துக்கு 584.10. மொத்தம் 1,174.10. இரண்டையும் கலந்து ஒரே தொகையாகக் கேட்டால், ஒன்று தோற்கும்போது மற்றதும் சேர்ந்து இழுபடும்.

மூன்றாவது, லைன் இல்லாத ஒன்பது நாள். 2024 அக்டோபர் 1-ல் நடைமுறைக்கு வந்த சேவைத் தர ஒழுங்குமுறை, மூன்று நாளுக்குள் சரிசெய்யாத பிராட்பேண்ட் பழுதுக்கு ஈடு தரச் சொல்கிறது. கம்பெனி இயற்கைப் பேரிடர் என்று பதில் தரும். புயல் வந்தது உண்மைதான். அதனால் மன உளைச்சல், வியாபார நஷ்டம் என்று நீட்டாமல், தராத சேவைக்கு வாங்கிய பணத்தை மட்டும் கேளுங்கள். 30 நாளுக்கு 588.82 என்றால் ஒன்பது நாளுக்கு 176.65. அப்போது டாக்கெட் எண், அதாவது புகார் பதிவு எண், வாங்கியிருக்கிறீர்களா? லைன்மேன் தம்பிக்குப் போன் போட்டது புகார் ஆகாது. எண் இல்லாவிட்டால் இந்த ஒரு கோரிக்கை பலவீனம்தான்.

ரவுட்டருக்கு வருவோம். விண்ணப்பப் படிவத்தில் அது டெபாசிட்டா, வாடகையா, விற்பனையா என்று ஒரு வரி இருக்கும். அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். டெபாசிட் என்றால் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெற வேண்டும். கொடுக்கும்போது அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணைப் படமெடுத்து, ரசீதில் அதே எண்ணை எழுதி வாங்குங்கள். வெறுமனே "பெற்றுக்கொண்டேன்" என்ற ரசீதை வைத்துக்கொண்டு ஆறு மாதம் கழித்து வசூல் ஆட்களோடு மல்லுக்கட்ட வேண்டி வரும். லாக்-இன் அபராதம் கையெழுத்திட்ட படிவத்தில் இருந்தாலும், ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவுப்படி நியாயமான இழப்பீட்டுக்கு மேல் வாங்க முடியாது. தவிர, விலை வாக்கை முதலில் மீறியது அவர்கள்.

இனி வழி. முதலில் வாடிக்கையாளர் மையத்தில் மே மாதப் பில்லுக்குப் புதிதாகப் புகார் பதிந்து டாக்கெட் எண் வாங்குங்கள். பதில் திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். கட்டணம் கிடையாது, 39 நாளில் முடிக்க வேண்டும். இப்படி எழுதினால் போதும்: "18.8.2024-ல் ஓராண்டுக்கு 499 என உறுதி பெற்றுச் சேர்ந்தேன். 18.1.2025 முதல் ஒப்புதலின்றி 599 மற்றும் ஓ.டி.டி. 99 வசூலிக்கப்படுகிறது. ரூ. 590, ரூ. 584.10, சேவையில்லா 9 நாளுக்கு ரூ. 176.65 திருப்பித் தரவும். இனி செலுத்தும் தொகை எதிர்ப்புடன் செலுத்தப்படுகிறது." டிராய்க்கு எழுதிப் பயனில்லை, அது தனிநபர் புகாரை விசாரிப்பதில்லை. 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவது இலவசம். இந்த அளவுத் தொகை பெரும்பாலும் அங்கேயே தீரும்.

தீராவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். டெலிகாம் புகாரை நுகர்வோர் மன்றம் விசாரிக்கலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் உறுதி செய்துவிட்டது. நீங்கள் வசிக்கும் இடத்திலேயே தொடுக்கலாம், ஐந்து லட்சம் வரை மனுக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசம். நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் தாக்கல் செய்து, காணொளி விசாரணை கேட்டு மனுப் போட்டால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏற வேண்டியதில்லை. கம்பெனி, பில் தரும் உள்ளூர் ஆபரேட்டர் இருவரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். மனுவில் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்ற சொல்லைத் தவிர்த்துவிடுங்கள். அந்தக் கோரிக்கைக்கு மாநில ஆணையம்தான் போக வேண்டும். சேவைக் குறைபாடு, நியாயமற்ற வணிக நடைமுறை என்று எழுதினால் சேலத்திலேயே நடக்கும்.

ஒரு கண்ணி உண்டு. இணைப்பு ஹோம்ஸ்டே பெயரில் இருந்தால் "வணிக நோக்கம், நீர் நுகர்வோரே அல்ல" என்று முதல் ஆட்சேபம் வரும். சுயதொழில் செய்து பிழைப்பவர் என்று வாதிட்டு விலக்குக் கேட்கலாம். "வாழ்வாதாரத்துக்காக நானே நடத்தும் சுயதொழில்" என்ற வரி மனுவின் முதல் பத்தியிலேயே இருக்கட்டும்.

ஆட்டோபேயை இன்றே யு.பி.ஐ. செயலியில் பாருங்கள். மேண்டேட்டின் (தானாகப் பணம் எடுக்க நீங்கள் கொடுத்த அனுமதி) உச்சவரம்பு 5,000 என்று இருந்தால் 823 கேட்காமலே போகும். ரத்து செய்து மாதாமாதம் கையால் கட்டுங்கள். விருந்தினருக்கு நெட் வேண்டும் என்பதால் அடியோடு நிறுத்தாதீர்கள், எதிர்ப்புடன் கட்டித் திரும்பக் கேளுங்கள்.

அப்பாவின் போனுக்கு டேட்டா இல்லாத, குரலும் எஸ்.எம்.எஸ்ஸும் மட்டும் உள்ள ரீசார்ஜ் கேளுங்கள். டிராய் விதிகளில் வந்த 2024 டிசம்பர் திருத்தத்துக்குப் பின் அதை எல்லா நிறுவனமும் வைத்திருக்க வேண்டும், 365 நாள் வரை செல்லுபடி வைக்கலாம். நிறுவனம் மாற்றுவதானால், இப்போதைய நெட்வொர்க்கில் 90 நாள் ஆகியிருக்க வேண்டும். பிறகு PORT என்று எழுதி, ஓர் இடம் விட்டு, எண்ணைச் சேர்த்து 1900-க்கு அனுப்ப வேண்டும். தமிழில் 'போர்ட்' என்று அடித்தால் போகாது. அதற்கு முன், புதுச் சிம் வைத்திருக்கும் அக்கம்பக்கத்தாரின் போனை வாங்கி அப்பாவின் கட்டிலருகே நின்று ஒரு கால் போட்டுப் பாருங்கள். மலையில் ஒரு சரிவில் கிடைக்கும் சிக்னல் அடுத்த சரிவில் கிடைக்காது.